சூடேறியதும் அணைந்துபோகும் பழைய புல்லட் 350: கார்பரேட்டரைக் குறைசொல்லும் முன்பும் பின்பும்

1993-ஆம் ஆண்டுத் தயாரிப்பான புல்லட் 350 ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டி. காலையில் சோக் போட்டு உதைத்தால் இரண்டாம் உதையில் புறப்பட்டுவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது) பிடிக்காமல் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருப்பும்போது ஒரு கணம் தடுமாறி, கார்பரேட்டர் பக்கமே ‘டப்’ என்று வெடிக்கிறது. முழுதாகத் திருப்பினால் மட்டும் நன்றாக ஓடுகிறது. இரவு நிறுத்தி வைத்தால் காலையில் கார்பரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டியிருக்கிறது. இரண்டு முறை கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பயனில்லாததால், புதிய கார்பரேட்டரே தீர்வு என்று மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்பது என் கருத்து. ஏனெனில் நீங்கள் விவரித்த அறிகுறிகளே எங்கே தேட வேண்டும், எங்கே தேட வேண்டியதில்லை என்பதைப் பெருமளவு சொல்லிவிடுகின்றன.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் கோளாறை வண்டி ஓடும் வேகத்தைக் கொண்டு அடையாளம் காண முடியாது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் காண முடியும். உங்கள் வண்டியில் இருக்க வேண்டியது ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்ப உரிமத்தில் சென்னை யுகால் நிறுவனம் தயாரித்த, 24 மில்லிமீட்டர் துளை கொண்ட மிக்கார்ப் வி.எம். வகைக் கார்பரேட்டர். இதில் ஆக்சிலேட்டர் மூடிய நிலையிலிருந்து ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பெட்ரோலை அளந்து கொடுப்பது ஸ்லோ ஜெட்டும் (ஜெட் என்பது அளவான துளையிட்ட சிறு பித்தளை உறுப்பு) அதனுடன் சேர்ந்து காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்குரூவும். அதற்கு மேல் கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது மேலும் கீழும் நகரும் ஸ்லைடின் அடிப்பகுதியில் வெட்டி விடப்பட்டிருக்கும் சரிவின் ஆதிக்கம் அதிகம். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும் பொறுப்பேற்கின்றன. முக்கால் பங்குக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் அளவு பொருட்படுத்தத் தக்கதாகிறது. இந்த எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இருக்கும் என்றாலும், நோய் எந்த அறையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தப் பகுப்பு போதும். கைப்பிடியின் மேலும் அதற்கு அருகில் அசையாமல் இருக்கும் பகுதியின் மேலும் காகித டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ‘நாற்பதில் போகும்போது மிஸ்ஸிங்’ என்று சொல்வதற்கும் ‘கால் பங்கு திறந்திருக்கும்போது, எந்த கியரிலும் மிஸ்ஸிங்’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

உங்கள் வண்டி முழுத் திறப்பில் நன்றாக ஓடுகிறது. இந்த ஒரு செய்தியாலேயே மெயின் ஜெட், டாங்க்கிலிருந்து வரும் பெட்ரோல் ஓட்டம், டாங்க் மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றின் மீதான ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. காற்றுத் துளை அடைத்திருந்தால் சில கிலோமீட்டர்களில் வண்டி மூச்சடைத்து நின்று, மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்ற ஓசையுடன் சரியாகிவிடும். அதிவேகத்தில்தான் அது முதலில் வெளிப்படும். ஆகவே தேட வேண்டிய இடம் கீழ்ப்பகுதி: ஸ்லோ ஜெட் வழி, காற்றுக் கசிவு, அல்லது கார்பரேட்டர் போலவே நடிக்கும் வேறு ஏதோ ஒன்று.

அந்த ‘வேறு ஏதோ ஒன்றை’ முதலில் பார்த்துவிடுவது நல்லது. பழைய புல்லட்களில் கார்பரேட்டரின் தலையில் விழும் பழிகளில் பாதிக்கு மேல் உண்மையில் பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட்டுக்கும் வால்வுகளின் இடைவெளியைத் தீர்மானிக்கும் டாப்பெட்டுக்கும் உரியவை. சூடானபின் மட்டும் வரும் கோளாறு என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது, பாயிண்ட்டோடு இணைந்து அதில் பெரிய பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சர். குளிர்ந்த நிலையில் நன்றாக வேலை செய்து, சூடேறியதும் பழுதுபடும் கண்டென்சர்கள் ஏராளம். பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு, வெயில் படாத இடத்தில் வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். பாயிண்ட்டுகளுக்கு இடையே சிறு பொறி அவ்வப்போது தெரிவது இயல்பு, தொடர்ச்சியாகப் பெரிய நீலப் பொறி தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது என்று பொருள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முகங்கள் கருகியோ குழி விழுந்தோ இருந்தால் தேய்த்து நேரம் கடத்தாமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது டாப்பெட். இரும்பு பேரல் புல்லட்டில் இஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, வால்வைத் திறக்கும் புஷ் ராடை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. சத்தம் கேட்கிறது என்பதற்காகச் சற்றே இறுக்கி வைத்த டாப்பெட், இஞ்சின் சூடானதும் வால்வை முழுதாக மூடவிடாது. அப்போது கம்ப்ரஷன் கசிந்து, ஐட்லிங் தளர்ந்து அணையும். இன்டேக் வால்வு மூடாவிட்டால் கார்பரேட்டர் பக்கம் வெடிக்கவும் செய்யும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளோடு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். டாப்பெட் இறுக்கமாக இருக்கும் இஞ்சினில் கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பலன் இருக்காது. உதைக்கும்போது கம்ப்ரஷனை வெளியேற்ற உதவும் டிகம்ப்ரஸர் வால்வு சரியாக அமர்கிறதா என்பதையும், அதன் கேபிளில் சிறிதளவு தளர்ச்சி இருக்கிறதா என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இவை இரண்டும் சரி என்றால் கார்பரேட்டருக்கு வருவோம். அங்கேயும் உள்ளே போவதற்கு முன் வெளியே பார்க்க வேண்டும். 350-இல் கார்பரேட்டர் சிலிண்டர் ஹெட்டோடு ஃப்ளாஞ்ச் (தட்டையான இணைப்பு விளிம்பு) வழியாக இரண்டு ஸ்டட்களில் பொருத்தப்பட்டிருக்கும். இடையில் சூடு ஏறாமல் தடுக்கும் இன்சுலேட்டர் தகடு ஒன்றும் பேக்கிங்கும் இருக்கும். பெட்ரோல் வாடை வந்தாலும் சரி, ஐட்லிங் போனாலும் சரி, ஸ்பானரை எடுத்து அந்த இரண்டு நட்டுகளையும் இன்னும் கொஞ்சம் இறுக்குவது நம் பட்டறைகளில் பழகிப்போன வழக்கம். மென்மையான உலோகத்தால் ஆன ஃப்ளாஞ்ச் அதனால் வில் போல வளைந்து, இரு ஓரங்களும் அழுந்தி நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். கார்பரேட்டர் அளந்து கொடுத்த கலவையோடு, அளவில்லாத காற்றும் அந்த இடுக்கு வழியே சேர்ந்துகொள்ளும். குளிர்ந்த நிலையில் சோக் இந்தக் குறையை மறைத்துவிடும். சோக்கை எடுத்தபின், சூடான இஞ்சினில், ஐட்லிங் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கி அணையும்.

இதைச் சோதிக்கச் சூடான இஞ்சினின் மேல் பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ பீய்ச்சும் பழக்கம் ஆபத்தானது, தீப்பிடிக்கக் கூடும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து இணைப்பைச் சுற்றி மட்டும் மெல்லத் தெளித்தாலே, கசிவு இருந்தால் ஐட்லிங் ஓசை மாறுவதைக் கேட்கலாம். கழற்றிய பிறகு, ஃப்ளாஞ்சின் குறுக்கே எஃகு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி தெரிந்தால் வளைவு இருக்கிறது. தடித்த கண்ணாடியின் மேல் நுண்ணிய எமரி தாளை விரித்து, எண்ணெய் தொட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமப்படுத்தலாம். இன்சுலேட்டர் தகட்டில் விரிசல் இருந்தால் ஒட்டிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாய் விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலேட்டரை மூடும்போது சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடித்தால், சைலன்சர் குழாய் ஹெட்டில் நுழையும் இடத்திலும் கசிவு தேட வேண்டும். அந்த வெடிப்புக்குக் கார்பரேட்டர் பொறுப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இனி ஸ்லோ ஜெட். இரண்டு முறை கழுவியும் பயனில்லை என்றீர்கள். எப்படிக் கழுவினார்கள் என்பதே என் கேள்வி. பெட்ரோல் ஊற்றிய தகர டப்பாவில் கார்பரேட்டரை ஆட்டி எடுத்து, வாயால் ஊதி மாட்டுவது கழுவுதல் ஆகாது. இரண்டு ஆண்டுகள் நின்ற பெட்ரோல் ஆவியாகி விட்டுச் செல்லும் கோந்து, மயிரிழை அளவேயுள்ள ஸ்லோ ஜெட் துளையை மட்டும் அடைப்பதில்லை. ஜெட்டைத் தாண்டி, ஸ்லைடுக்குக் கீழே கார்பரேட்டரின் தொண்டையில் திறக்கும் இரு நுண்துளைகளையும் அவற்றுக்குப் போகும் உட்குழாயையும் அடைக்கிறது. ஒன்று ஐட்லிங் துளை. மற்றொன்று ஆக்சிலேட்டரைச் சற்றே திறக்கும்போது கூடுதல் கலவையைக் கொடுக்கும் பைபாஸ் துளை. இரண்டாவது அடைத்திருந்தால், நீங்கள் சொல்வது போல, மெதுவாகத் திருப்பும் கணத்தில் தடுமாற்றமும் பின்வெடிப்பும் வரும்.

ஆகவே ஏர் ஸ்குரூவை மென்மையாக அமரும் வரை உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு, பின் முழுவதும் கழற்றுங்கள். அதன் சிறு ஸ்பிரிங்கைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்லோ ஜெட், மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில் ஆழமான குழிக்குள் இருக்கும். பித்தளையாலானது என்பதால், பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள். ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, கிளீனர் திரவத்தில் கார்பரேட்டரின் உடலை ஊறவிட்டு, பின் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஏர் ஸ்குரூ துளை வழியாகவும் ஸ்லோ ஜெட் குழி வழியாகவும் பீய்ச்சுங்கள். தொண்டையின் இரு நுண்துளைகளிலும் திரவம் நேர்க்கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கும் வரை வேலை முடியவில்லை. அதன் பின் கம்ப்ரஸர் காற்று. எஃகுக் கம்பியோ ஊசியோ ஜெட்டுக்குள் விடக் கூடாது. அது துளையைப் பெரிதாக்கிவிடும், அதற்குப் பிறகு ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். முன்பு யாராவது ஜெட்டைக் குடைந்திருப்பார்களோ என்ற ஐயம் இருந்தால், அதே எண்ணுள்ள புது ஜெட்டைப் போடுவதுதான் மலிவான வழி.

காலையில் சொட்டும் பெட்ரோல் தனிக் கோளாறு. ஆனால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசியின் கூம்பு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கி, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேளுங்கள். கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையைத் தாங்கும் கை, உடலின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் கவனமாக வளைத்துச் சரிசெய்யலாம். கிண்ணத்தின் அடியில் செந்தூள் தெரிந்தால் டாங்க் துருப்பிடித்திருக்கிறது. டாங்க்கைச் சுத்தம் செய்யாமல் ஊசியை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமே மறுபடியும் சொட்டும். வழியில் ஃபில்டர் போடுவதாக இருந்தால், பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கும் இந்த வண்டிக்கு ஏற்ற, தடை குறைந்த ஃபில்டராகப் பாருங்கள்.

டாங்க்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயை மூடாமல் வண்டியை நிறுத்தியிருந்தால், வெளியே சொட்டியது மட்டுமே வழிந்த பெட்ரோல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பகுதி சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால், வண்டியை இன்னொரு முறை ஓட்டும் முன் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டி நின்றிருந்த காலத்தில் பெட்ரோலும் மாறிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வரத் தொடங்கி, 2025-இல் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது விழுக்காட்டுக் கலவைக்கு இது ஏறத்தாழ 13.5 ஆகிறது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்த வேறுபாட்டைச் சென்சார் ஈடுகட்டும். கார்பரேட்டருக்குத் துளையின் அளவைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியாக இருந்த அதே ஜெட், இன்று ஏழெட்டு விழுக்காடு வறண்ட, அதாவது பெட்ரோல் குறைந்த, கலவையைக் கொடுக்கிறது. கலவையை ஏற்கெனவே வறட்சியின் ஓரத்தில் வைத்து மைலேஜ் பார்த்த வண்டிகளில், அந்த ஏழெட்டு விழுக்காடு ஐட்லிங்கைப் பறித்துவிடப் போதுமானது.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். போதிய நீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அடியில் முத்துப் போன்ற துளிகளோ வெள்ளைப் பொடியோ தெரிவது இதனால்தான். பழைய ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் எத்தனால் ஊதவோ வெடிக்கவோ செய்யும் என்பதால், அவை அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் பொருளால் ஆனவையாக ஒருமுறை மாற்றிவிடுவது அறிவுடைமை. கூடுதல் விலை கொடுத்து உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுவதில், 6.5-க்கு 1 என்ற தாழ்ந்த கம்ப்ரஷன் கொண்ட இந்த இஞ்சினுக்கு ஆக்டேன் அளவில் எந்த ஆதாயமும் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் ட்யூனிங். பத்து நிமிடம் ஓட்டி இஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். ஏர் ஸ்குரூவை மென்மையாக அமர்த்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்குரூவைக் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, இஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இந்தக் கார்பரேட்டரில் ஏர் ஸ்குரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். சில வேறு கார்பரேட்டர்களில் இது நேர்மாறாக இருப்பதால், பல வண்டிகளைக் கையாளும் மெக்கானிக்குகளும் இங்கே தவறுவதுண்டு. பிறகு ஐட்லிங்கைக் குறைத்து, இன்னொரு முறை அதையே செய்யுங்கள்.

ஸ்குரூ எந்த இடத்தில் நின்றது என்பதும் ஒரு தகவல்தான். ஒரு சுற்றுக்கும் குறைவாக, ஏறக்குறைய மூடிய நிலையில்தான் நன்றாக ஓடுகிறது என்றால், பெட்ரோல் போதவில்லை: அடைப்போ காற்றுக் கசிவோ இன்னும் இருக்கிறது, இரண்டும் இல்லை என்று உறுதியானால் அடுத்த பெரிய அளவு ஸ்லோ ஜெட் போடலாம். இரண்டரைச் சுற்றுக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால், ஜெட் பெரிது அல்லது மிதவை மட்டம் உயரம். ஐட்லிங் வேகத்தைப் பொறுத்தவரை, எண்ணி எண்ணி அடிப்பது போல் மிக மெதுவாக வைப்பதில் புல்லட்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வேகத்தில் ஆயில் பம்ப் அனுப்பும் ஆயிலும் குறைவு என்பதால் அந்தப் பெருமையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின் டேப் ஒட்டிய கைப்பிடியோடு மறுபடியும் ஓட்டுங்கள். ஐட்லிங் சரியாகி, கால் முதல் அரைத் திறப்பில் மட்டும் இழுவை குறைந்து தயங்கினால், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கிப் பாருங்கள்; கிளிப் இறங்கினால் ஊசி உயரும், கலவை செழிக்கும். அதே திறப்பில் கரும்புகையும் மைலேஜ் இழப்பும் இருந்தால், ஊசி உரசி உரசி நீடில் ஜெட்டின் துளை நீள்வட்டமாகியிருக்கலாம். இரண்டையும் இணையாகவே மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிளக்கின் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்; காப்பிப்பொடி நிறம் என்ற பழைய பாடம், 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்படுவதற்கு முந்தைய காலத்தது. இன்றைய பெட்ரோலில் நன்றாக ஓடும் இஞ்சினின் பிளக்கும் வெளிறியே தெரியும். பளிங்கு வெள்ளையும் ஈரக் கறுப்பும் மட்டுமே இப்போது உறுதியான சாட்சிகள்.

மெக்கானிக் சொன்ன புதிய கார்பரேட்டர் எப்போது தேவை? ஸ்லைடைத் தொண்டைக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தெளிவாகத் தடதடக்கும் ஆட்டம் இருந்து, ஸ்லைடின் பக்கங்களில் பளபளப்பான தேய்மானத் தடமும் இருந்தால், அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுவதை எந்த ஸ்குரூவாலும் நிறுத்த முடியாது. புது ஸ்லைடை மட்டும் மாற்றினால் ஓரளவு குறையும். உடலே தேய்ந்திருந்தால் அதுவும் நீடிக்காது. அந்த நிலையில் மெக்கானிக் சொல்வது சரிதான். ஆனால் புதியதைப் பொருத்தும்போது பழைய இன்சுலேட்டரையும் பேக்கிங்கையும் மறுபடியும் போடவிடாதீர்கள். இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக, சிறிய ஸ்பானரால் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள்.